இரு மாத்திரைகளின் வரலாறு

கல்வராயன் மலையின் அடிவாரத்தில், கோமுகி அணைக்கு அருகே அமைந்த ஊர் வடக்கனந்தல். அங்கே வீடு சந்திக்கச் சென்றிருந்த ஒரு மாலைப்பொழுதில், ஒரு சிறிய ஓட்டு வீட்டின் சுவரில் மறைமாவட்ட நாட்காட்டி தொங்குவதைக் கண்டேன். கடந்துபோன ஒவ்வொரு நாளின் மீதும் நீல மையால் ஒரு கோடு இருந்தது. சனிக்கிழமைகளைச் சுற்றி மட்டும் சிவப்பு மையால் வட்டம் இடப்பட்டிருந்தது. ஏதேனும் நோன்புக் கணக்கா என்று வினவினேன். "இல்ல சாமி, தம்பியோட மாத்திரைக் கணக்கு" என்றார் அந்த வீட்டுத் தாய்.

அவருடைய ஏழு வயது மகனுக்கு இரத்தப் புற்றுநோய். புதுவையில் உள்ள மருத்துவமனையில் பல மாதங்கள் தங்கிச் சிகிச்சை பெற்றுத் திரும்பி ஓராண்டு ஆகியிருந்தது. உதிர்ந்த தலைமுடி மீண்டும் வளர்ந்து, சிறுவன் வாசலில் சைக்கிள் டயர் உருட்டிக்கொண்டிருந்தான். நாள்தோறும் இரவில் அவனுக்கு ஒரு வகை மாத்திரை. வாரத்தில் ஒரே ஒரு நாள் மற்றொரு வகை. வார மாத்திரையைத் தவறுதலாக நாள்தோறும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவமனையில் எச்சரித்திருந்தார்கள். அதனால்தான் இரு நிற மை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட அந்தத் தாய் தாமாகவே கண்டுபிடித்த முறை அது.

கரும்பு வெட்டச் செல்லும் தந்தைக்கு வேறொரு கேள்வி இருந்தது. "பையன் நல்லா ஓடியாடி விளையாடுறான். ரத்தமும் நல்லா இருக்குன்னு டாக்டரே சொல்றாரு. இன்னும் ஒண்ணரை வருஷம் மாத்திரை குடுக்கணுமாம். ஒரு தடவை புதுச்சேரி போயி வந்தா ரெண்டு நாள் கூலி போவுது. நிறுத்திட்டா என்ன சாமி?"

மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள் என்றேன். அது அறிவுரையாக இருந்ததே ஒழிய விடையாக இல்லை என்பதை அவர் முகமே எனக்குக் கூறியது. உண்மையில் விடை எனக்கும் தெரியாது. மாத்திரை அட்டைகளில் இருந்த பெயர்களைக் குறித்துக்கொண்டு வந்தேன். நாள்தோறும் கொடுப்பது மெர்காப்டோபியூரின். வாரம் ஒருமுறை கொடுப்பது மெத்தோட்ரெக்சேட். இவ்விரு பெயர்களின் வரலாற்றைத் தேடிச் சென்றபோது, இரண்டும் என்னை அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள ஒரே ஆய்வுக்கூடத்தின் வாசலுக்கு இட்டுச் சென்றன. அந்த ஆய்வுக்கூடத்தினுள், சென்னையில் மருத்துவம் பயின்ற ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

செங்கல்லும் காசும்

அவரைச் சந்திக்குமுன், அவர் வாழ்நாள் முழுவதும் எதனோடு போராடினார் என்பதைச் சுருக்கமாக அறிவது நலம்.

1869-ஆம் ஆண்டு, ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் ஃபிரெடரிக் மீஷர் என்னும் இளம் சுவிஸ் மருத்துவர், அறுவை மருத்துவமனையில் கழித்துப் போடப்பட்ட சீழ் படிந்த கட்டுத்துணிகளைச் சேகரித்து வந்து கழுவினார். சீழில் நிறைந்துள்ள வெள்ளையணுக்களின் உட்கருவிலிருந்து, அதுவரை எவரும் அறியாத, பாஸ்பரஸ் மிகுந்த ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். அதற்கு நியூக்ளின் என்று பெயரிட்டார். எவரும் முகம் சுளித்து ஒதுக்கும் கழிவிலிருந்துதான் உயிரியலின் மாபெரும் இயல் ஒன்று பிறந்தது. பின்வந்தோர் அப்பொருளைப் பகுத்து, அது நியூக்ளியோடைடு எனப்படும் சிறு கூறுகளின் கோவை என்று கண்டனர். ஒவ்வொரு நியூக்ளியோடைடிலும் ஒரு சர்க்கரை, ஒரு காரப்பொருள், பாஸ்பேட் ஆகிய மூன்றும் இணைந்திருக்கும். காரப்பொருள்களுள் ஒரு வகையினம் பியூரின் எனப்படும். சிறுவனின் மாத்திரைப் பெயருக்குள் மறைந்திருந்தது அச்சொல்தான்.

இந்நியூக்ளியோடைடுகள் உயிருக்கு இரு பெரும் பணிகளைச் செய்கின்றன. முதலாவது, அவை செங்கற்கள். நான்கு வகை நியூக்ளியோடைடுகள் நீண்ட வரிசையாய்க் கோக்கப்பட்டதே பரம்பரைப் பண்புகளைத் தாங்கும் டி.என்.ஏ. தாயிடமிருந்து நாம் பெறும் தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி இணைகள். தந்தையிடமிருந்து பெறுவதிலும் அவ்வாறே. ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமெனில் இவ்வளவையும் முதலில் படியெடுத்தாக வேண்டும். அதற்குரிய செங்கற்கள் இல்லையேல் செல் பெருகாது.

இரண்டாவது, அவை காசுகள். மூன்று பாஸ்பேட்டுகளைத் தாங்கிய ஏ.டி.பி. என்னும் நியூக்ளியோடைடுதான் உடலின் செலாவணி. தசை சுருங்குவதற்கும், நரம்பு செய்தி அனுப்புவதற்கும் ஏ.டி.பி. தன் பாஸ்பேட் ஒன்றை இழந்து ஆற்றலைத் தருகிறது. பின் நாம் உண்ட உணவின் ஆற்றலால் மீண்டும் அதைப் பெறுகிறது. எந்த ஒரு கணத்திலும் நம் உடலில் உள்ள ஏ.டி.பி. சில பத்துக் கிராம்களே. ஆனால் அது இடையறாது செலவாகி மீள்வதால், ஒரு நாளில் கைமாறும் மொத்த அளவு ஏறக்குறைய நம் உடல் எடைக்கே சமமாகிறது என்று கணக்கிட்டுள்ளனர். குருமடத்தில் மெய்யியல் பயின்ற நாட்களில், பொருள் மாறிக்கொண்டே இருக்க ஆள் மாறாமல் இருப்பது எங்ஙனம் என்று நாங்கள் மணிக்கணக்கில் வாதிட்டதுண்டு. ஒரு தசையசைவிலேயே அக்கேள்வி அடங்கியிருந்ததை அன்று நான் அறியேன்.

சென்னையிலிருந்து பாஸ்டனுக்கு

இந்த ஏ.டி.பி.யைத் தசையிலிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுத்தோருள் ஒருவர் எல்லப்பிரகட சுப்பாராவ். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895-ஆம் ஆண்டு சனவரி 12-ஆம் நாள், எளிய தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்றார். மூன்றாம் முறை, சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். மாநிலக் கல்லூரியில் பயின்றபின் துறவியாக விரும்பி இராமகிருஷ்ண மடத்தை நாடினார். மருத்துவம் பயின்று மக்களுக்குத் தொண்டாற்றுமாறு அறிவுறுத்தப்பட்டார். அவ்வாறே சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, அறுவைக் கூடத்திலும் கதராடை அணிந்து நின்றார் அந்த மாணவர். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. முடிவில் அவருக்குக் கிடைத்தது முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டமன்று, அதற்குத் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழ். சென்னையில் ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் சில காலம் ஆசிரியராகப் பணியாற்றினார். இதற்கிடையே, ஸ்புரூ எனப்படும் வெப்பமண்டலக் குடல் நோய்க்குத் தம் சகோதரர் இருவரைக் குறுகிய இடைவெளியில் பலிகொடுத்திருந்தார். உண்ட உணவின் சத்து உடலில் சேராமல், இரத்தம் வற்றி, உடல் உருகிச் சாகும் நோய் அது. அதற்கு அன்று மருந்து இல்லை.

மாமனாரின் உதவியோடும் அறநிலையங்களின் பொருளோடும் கப்பலேறி, 1922 அக்டோபரில் பாஸ்டனை அடைந்தார். ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவம் பயின்றுகொண்டே, ஒரு மருத்துவமனையில் இரவுநேரப் பணியாளராக நோயாளிகளின் மலசலத் தட்டுகளைக் கழுவிப் பிழைத்தார். ஊரில் விட்டுவந்த இளம் மனைவி சேஷகிரியை அவர் பின்னர் ஒருபோதும் காணவில்லை. அவர் புறப்பட்டபின் பிறந்த மகன் மழலைப் பருவத்திலேயே இறந்தான். இந்த இழப்புகளைப் பெருமைக்குரிய தியாகம் என்று எளிதில் எழுதிவிட எனக்குத் துணிவு வரவில்லை. காத்திருந்த அந்தப் பெண்மணியின் ஆண்டுகளும் இவ்வரலாற்றின் விலையில் சேர்ந்தவையே.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கே என்னும் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைத்தது. இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை நிறமாற்றத்தால் அளக்கும் முறையை 1925-இல் இருவரும் வெளியிட்டனர். ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்ற பெயரால் உயிர்வேதியியல் மாணவர்கள் அதைத் தலைமுறை தலைமுறையாகப் பயின்றுள்ளனர். அவ்வளவைக் கொண்டு தசையை ஆராய்ந்தபோது 1927-இல் பாஸ்போகிரியேட்டினும், 1929-இல் ஏ.டி.பி.யும் வெளிப்பட்டன. அதே 1929-இல் ஜெர்மனியின் கார்ல் லோமான் தனியே ஏ.டி.பி.யைக் கண்டறிந்தார். தசையின் ஆற்றலுக்கு லாக்டிக் அமிலமே அடிப்படை என்று அதுவரை நிலவிய கொள்கை, இக்கண்டுபிடிப்புகளால் சரிந்தது.

ஆனால் நிரந்தரப் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. அதே ஆய்வுக்கூடத்தில் அந்நாளில் ஆய்வு மாணவராக இருந்தவர் ஜார்ஜ் ஹிட்சிங்ஸ். சுப்பாராவ் பிரித்தெடுத்த நியூக்ளியோடைடுகள் சிலவற்றைப் பல ஆண்டுகளுக்குப் பின் வேறு ஆய்வாளர்கள் மீண்டும் கண்டுபிடிக்க நேர்ந்தது என்றும், ஃபிஸ்கே பொறாமையால் அவற்றை வெளிவர விடவில்லை போலும் என்றும் ஹிட்சிங்ஸ் பின்னாளில் கூறியுள்ளார். சுப்பாராவ் இதற்காக எவரோடும் வழக்காடவில்லை. 1940-இல் ஹார்வர்டை விட்டு, நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்னும் ஊரில் இருந்த லெடர்லே ஆய்வகத்திற்குச் சென்று, பின்னர் அதன் ஆராய்ச்சி இயக்குநரானார்.

கொடுத்தலும் மறுத்தலும்

சகோதரர்களைக் கொன்ற நோய் அவர் நினைவை விட்டு அகலவில்லை. அதன் மருந்தை நோக்கிய தடம் நம் நாட்டிலேயே தொடங்கியிருந்தது. 1928-இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண் மருத்துவர், ஏழைக் கர்ப்பிணிகளைத் தாக்கிய கொடிய சோகையை ஆராய்ந்து, ஈஸ்ட் சாறு அதைத் தீர்ப்பதாகக் கண்டார். அச்சாற்றில் இருந்த மறைபொருளை 1941-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நான்கு டன் பசலைக்கீரையிலிருந்து பிரித்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று அழைத்தனர். 1945-இல் சுப்பாராவின் குழுவினர் அதை ஆய்வுக்கூடத்திலேயே தயாரித்தனர். ஸ்புரூ நோயாளிகளின் வற்றிய இரத்தம் அதனால் மீண்டும் ஊறியது. இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் நம் கர்ப்பிணிப் பெண்களுக்கு இரும்புச் சத்தோடு சேர்த்துக் கொடுக்கப்படுவதும் இதே ஃபோலிக் அமிலம்தான்.

அது செய்யும் வேலை என்ன? நியூக்ளியோடைடு என்னும் செங்கல்லை அறுக்க உடலுக்குத் துணைநிற்பதே அதன் வேலை. எலும்பு மஜ்ஜை ஓயாமல் புதிய இரத்தச் செல்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கும் இடம். ஆகவே ஃபோலிக் அமிலம் குறைந்தால் முதலில் வாடுவது இரத்தமே.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர் இரத்தப் புற்றுநோயால் மடியும் பிள்ளைகளைக் கண்டு வருந்திக்கொண்டிருந்தார். சோகையைத் தீர்த்த பொருளின் இனத்தைச் சேர்ந்த மருந்துகள் இவர்களுக்கும் உதவுமோ என்று கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, மாறாக விரைந்தது போலத் தோன்றியது. நல்ல செல்லுக்குச் செங்கல் தருவது கெட்ட செல்லுக்கும் தருகிறது என்பது புலனாயிற்று. அவ்வாறாயின், தோற்றத்தில் ஃபோலிக் அமிலத்தைப் போன்றிருந்து, செங்கல் சூளையை அடைத்துவிடும் பொருள் ஒன்று கிடைத்தால்? சுப்பாராவின் ஆய்வகம் அத்தகைய பொருள்களைத் தயாரித்து ஃபார்பருக்கு அனுப்பியது. அவற்றுள் சிறந்து விளங்கியது அமினோப்டெரின். அதன் உடன்பிறப்பாக அதே ஆய்வகத்தில் உருவானதுதான் மெத்தோட்ரெக்சேட். வடக்கனந்தல் நாட்காட்டியின் சிவப்பு வட்டம் அதற்குரியது.

1947-ஆம் ஆண்டின் இறுதியில் அமினோப்டெரின் குழந்தைகளுக்கு அளிக்கப்பட்டது. 1948 சூன் மாதம் ஃபார்பர் தம் முடிவுகளை வெளியிட்டார். பதினாறு குழந்தைகளுள் பத்துப் பேருக்கு நோய் தணிந்தது. அதுவரை எந்த மருந்தாலும் நிகழாத ஒன்று நிகழ்ந்திருந்தது. இரண்டு மாதங்கள் கழித்து, அதே ஆண்டு ஆகஸ்டில், உறக்கத்திலேயே மாரடைப்பால் சுப்பாராவ் இறந்தார். வயது 53. யானைக்கால் நோய் ஒழிப்புக்காக நம் ஊர்களில் வீடு வீடாக வழங்கப்பட்ட டி.இ.சி. மாத்திரையும் அவர் தலைமையில் இருந்த ஆய்வகத்தில் உருவானதே. 1995-இல், அவர் பிறந்த நூற்றாண்டை முன்னிட்டு, இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது.

ஹிட்சிங்ஸ் என்ன ஆனார்? ஹார்வர்டில் பியூரின்களை அளக்கக் கற்ற அவர், பின்னர் வேறொரு மருந்து நிறுவனத்தில் சேர்ந்து, போலிச் செங்கற்களைச் செய்தால் என்ன என்று சிந்தித்தார். 1944-இல் கெர்ட்ரூட் எலியன் என்னும் இளம்பெண் அவருக்குத் துணையாக வந்தார். தம் பாட்டனாரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர்; பெண் என்பதால் ஆய்வுக்கூடங்களில் இடம் மறுக்கப்பட்டவர்; முனைவர் பட்டம் பெறாதவர். 1951-இல் இவர்கள் உருவாக்கியதே மெர்காப்டோபியூரின். உண்மையான பியூரினைப் போன்று நடித்து நியூக்ளியோடைடாக மாறி, புற்றுச்செல்லின் கட்டுமானத்தைக் குலைக்கும் மருந்து அது. 1988-இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஒரே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய இருவர். ஒருவர் உலகப்புகழ் பெற்றார். மற்றவர் பெயர் பெரிதும் மறைந்தது. இன்று அவ்விருவரின் மாத்திரைகளும் ஒரு கரும்புத் தொழிலாளியின் வீட்டில், ஒரே பிளாஸ்டிக் டப்பாவில் ஒன்றாக இருக்கின்றன.

தந்தையின் கேள்விக்கு விடை

அந்தத் தந்தையின் கேள்விக்கு விடை, ஃபார்பர் 1948-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே இருந்தது. நோய் தற்காலிகமாகத் தணிந்தது என்றே அவர் தலைப்பிட்டிருந்தார். குழந்தைகள் எழுந்து நடந்தனர், விளையாடினர், சில மாதங்களில் நோய் திரும்பி வந்து அவர்களைக் கொண்டுபோயிற்று. பின்னர் மெர்காப்டோபியூரினைத் தனியே கொடுத்தபோதும் அவ்வாறே ஆயிற்று. பரிசோதனையில் இரத்தம் தூய்மையாகத் தோன்றும் நேரத்திலும், நுண்ணோக்கிக்கு எட்டாமல் கோடிக்கணக்கான நோய்ச்செல்கள் உடலில் பதுங்கியிருக்கக்கூடும் என்பதை மருத்துவ உலகம் அந்தக் குழந்தைகளின் இறப்பிலிருந்துதான் கற்றுக்கொண்டது.

ஆகவே மருந்துகளை இணைத்துக் கொடுக்கவும், நோய் மறைந்தபின்னும் ஆண்டுக்கணக்கில் தொடரவும் துணிந்தனர். இதில் முன்நின்றது மெம்பிஸ் நகரில் 1962-இல் திறக்கப்பட்ட குழந்தைகள் மருத்துவமனை. டேனி தாமஸ் என்னும் நகைச்சுவை நடிகர், லெபனான் வழிவந்த மரோனைட் கத்தோலிக்கர், தாம் வறுமையில் செய்த நேர்ச்சையை நிறைவேற்ற, புனித யூதா ததேயுவின் பெயரால் எழுப்பியது அது. அங்கே டொனால்ட் பிங்கல் என்னும் மருத்துவர் தலைமையில் 1967-68-இல் நடைபெற்ற சிகிச்சையில், ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் நிலையான நலம் பெற்றனர். நம் நாட்டில் 1984 முதல் மும்பை, டெல்லி, சென்னை அடையாறு ஆகிய மூன்று மையங்கள் ஒரே சிகிச்சை முறையைக் கைக்கொண்டபின், பிழைக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாக உயர்ந்தது. அடையாற்றில் அப்பணியைத் தாங்கிய டாக்டர் வி. சாந்தா, சுப்பாராவ் பயின்ற அதே சென்னை மருத்துவக் கல்லூரியின் மாணவி. 2021 சனவரியில் அவர் மறைந்தார்.

அடுத்த முறை வடக்கனந்தல் சென்றபோது இவற்றை எல்லாம் எனக்குத் தெரிந்த எளிய சொற்களில் அந்தத் தந்தைக்குக் கூறினேன். மாத்திரையை இடையில் நிறுத்திய காலம் ஒன்று இருந்தது என்றும், அப்போது என்ன நேர்ந்தது என்றும் சொன்னேன். கரும்பு வெட்டுபவருக்கு அது உடனே விளங்கியது. "தோகைய மட்டும் அறுத்தா போதாது, கட்டைய விட்டா மறுபடியும் தழைக்கும்" என்று அவரே சொன்னார். நான் வாரக்கணக்கில் படித்ததை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த சுப்பாராவ் ஐயா பேர் ஏன் சாமி நமக்கெல்லாம் தெரியல?" என்று கேட்டார். இதற்கும் என்னிடம் நேரான விடை இல்லை. தட்டுக் கழுவிய இரவுகளையும், மறைக்கப்பட்ட நியூக்ளியோடைடுகளையும் பற்றிச் சொன்னேன். தாய் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

இருவருக்கும் கூலி இழப்பு நேராவண்ணம், புதுவைப் பயணச் செலவைப் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையினர் ஏற்றுக்கொண்டிருக்கின்றனர். முதல் நாளே அதைச் செய்திருக்க வேண்டும். அறிவுரை கூறிவிட்டு எழுந்து வந்தது என் தவறு.

இவ்வாண்டு அவ்வீட்டில் புதிய நாட்காட்டி தொங்குகிறது. மாத்திரைகள் முடிய இன்னும் சில மாதங்கள் உள்ளன. சென்ற வாரம் பார்த்தபோது நீலக் கோடுகள் ஒன்றுவிடாமல் வரிசையாக இருந்தன. சனிக்கிழமைகளுக்கான சிவப்பு வட்டத்தை இப்போது சிறுவனே இடுகிறான்.